சிறுவர் லக்ராஸ் கோல்கீப்பர்களுக்கான எட்டு வார வகுப்பு: ஒரு மதிப்புரை

மேரிலாந்து மாநிலத்தின் ஹோவர்ட் கவுண்டியில் குடியிருப்பவர்கள் லக்ராஸைத் தேடிப் போக வேண்டியதில்லை. பனி விலகியதும் பள்ளி மைதானம், பூங்கா, பக்கத்து வீட்டுப் பின்முற்றம் என எங்கும் பிள்ளைகள் ஸ்டிக்கும் பந்துமாகத் திரிவார்கள். மாநில அரசே 2004ஆம் ஆண்டில் அதைத் தன் அதிகாரபூர்வ அணி விளையாட்டாக அறிவித்திருக்கிறது. என் மகனும் அந்தக் காற்றில்தான் ஒன்பது வயதில் ஸ்டிக்கைக் கையில் எடுத்தான். சென்ற ஆண்டு அணியின் கோல்கீப்பர் குடும்பத்தோடு ஊர் மாறிச் சென்றபோது, இனி யார் நிற்பது என்று பயிற்சியாளர் கேட்க, கை தூக்கியவன் இவன் ஒருவனே. தான் எதற்குக் கை தூக்குகிறோம் என்று அப்போது அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

இந்த விளையாட்டைப் பார்த்திராதவர்களுக்காகச் சிறிது சொல்ல வேண்டும். நுனியில் வலைப்பை பொருத்திய ஸ்டிக்கால் பந்தைப் பிடித்தும் எறிந்தும் எதிரணியின் கோலுக்குள் போடுவதே ஆட்டம். கோல் ஆறடி உயரமும் ஆறடி அகலமும் கொண்டது. அதைச் சுற்றி ஒன்பதடி ஆரத்தில் ஒரு வட்டம் உண்டு, கிரிக்கெட்டில் போலவே அதற்கும் கிரீஸ் என்றே பெயர். பந்து கெட்டி ரப்பரால் ஆனது. 142 முதல் 149 கிராம் வரை எடையிருக்கும், அதாவது கிரிக்கெட் பந்தைவிடச் சற்றே இலேசு, அளவிலும் சிறியது. உயர்நிலைப் பள்ளி மாணவர்களே ஸ்டிக்கைச் சுழற்றி அதை மணிக்கு 80 மைலுக்கு மேற்பட்ட வேகத்தில் எறிகிறார்கள். மூடிய அரங்கில் ஆடப்படும் பாக்ஸ் லக்ராஸில் கோல்கீப்பர் உடல் முழுதும் தடித்த கவசம் அணிந்து கோலைத் தன் உடலாலேயே அடைத்துக்கொள்வார்; மைதான லக்ராஸில் தலைக்கவசம், தொண்டைக் காப்பு, மார்புக் காப்பு, கையுறை ஆகியவற்றோடு சரி. தொடையும் முழங்காலும் பெரும்பாலும் திறந்தே இருக்கும். இப்படிப்பட்ட இடத்தில் ஒரு சிறுவனை நிறுத்தும்போது அவன் முதலில் கற்க வேண்டியது பந்தைத் தடுக்கும் வித்தையைக் காட்டிலும், அது வரும் வரை அசையாமல் பார்த்துக்கொண்டு நிற்கும் பழக்கமே என்பதை நான் ஒரு தவறான இடத்தில் பணம் கட்டிய பிறகுதான் உணர்ந்தேன்.

சென்ற கோடையில் அவனை இரண்டு நாள் முகாம் ஒன்றில் சேர்த்தேன். அங்கே எல்லா நிலை ஆட்டக்காரர்களும் கலந்திருந்தார்கள். கோல்கீப்பர்களுக்கென்று தனிப் பயிற்சி இருப்பதாக விளம்பரத்தில் சொல்லியிருந்தார்கள். நடந்தது வேறு. கோல்கீப்பர்களை ஒவ்வொருவராக வலைமுன் நிறுத்தி, உதவிக்கு வந்திருந்த உயர்நிலைப் பள்ளி இளைஞர்கள் வரிசையில் நின்று முழு வேகத்தில் எறிந்தார்கள். அது அவர்களுக்குக் கைவீச்சைக் காட்டும் மேடையாகவும் சிறுவர்களுக்குத் தண்டனையாகவும் அமைந்தது. தொடையில் பந்தின் வட்டம் அப்படியே நீலமாகப் பதிந்ததை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, அது ஒரு வாரத்தில் மறைந்துவிட்டது. அதன் பிறகு யார் எறிந்தாலும், டென்னிஸ் பந்தாகவே இருந்தாலும், அவன் முகத்தை இடப்பக்கமாகத் திருப்பிக்கொள்ளத் தொடங்கியதுதான் மறையவில்லை.

இந்த மதிப்புரைக்குரிய வகுப்பில் சனவரி மாதம் சேர்த்தோம். கல்லூரி அணியில் கோல்கீப்பராக ஆடியவர் ஒருவர், இரண்டு உதவியாளர்களை வைத்துக்கொண்டு, வாடகைக்கு எடுத்த உள்ளரங்கக் கூடமொன்றில் ஞாயிறு மாலைகளில் நடத்துகிறார். எட்டு வகுப்புகள், ஒவ்வொன்றும் 75 நிமிடம், மொத்தக் கட்டணம் 360 டாலர். பாராட்டோடு குறைகளையும் சொல்லப் போவதாலும், ஒருவரே இழுத்துக் கட்டி நடத்தும் சிறு முயற்சி என்பதாலும் பெயரைத் தவிர்க்கிறேன். எந்த வகுப்பில் பிள்ளையைச் சேர்ப்பதாக இருந்தாலும் முதல் நாள் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்பதற்கு இந்த அனுபவம் பயன்படும்.

முதல் வகுப்பின் முதல் கால் மணி நேரம் ஒரு பந்துகூட எறியப்படவில்லை. பயிற்சியாளர் ஒவ்வொரு சிறுவனின் மார்புக் காப்பையும் கழற்றச் சொல்லி, அதன் உட்புறத்தில் விளையாட்டுக் கவசங்களுக்குப் பாதுகாப்புத் தரம் வகுக்கும் என்ஓசிஎஸ்ஏஇ அமைப்பின் என்டி 200 தர முத்திரை இருக்கிறதா என்று பார்த்தார். மார்பில் இதயத்துக்கு நேராக, இதயத் துடிப்பின் ஒரு குறிப்பிட்ட நொடிப்பொழுதில் பந்து தாக்கினால், எலும்பு முறியாமலேயே இதயம் தாளம் தவறி நின்றுவிடக்கூடும். கமோஷியோ கார்டிஸ் என்று மருத்துவர்கள் சொல்லும் அந்த ஆபத்தைக் குறைப்பதற்காகவே இந்தத் தரம் வகுக்கப்பட்டது. 2021 சனவரி முதல் உயர்நிலைப் பள்ளி ஆட்டங்களில் கோல்கீப்பர்களுக்கு இது கட்டாயம். ஒரு சிறுவன் அண்ணனின் பழைய காப்பை அணிந்து வந்திருந்தான். அவனை வீட்டுக்கு அனுப்பாமல், கையிருப்பிலிருந்த ஒன்றைக் கொடுத்து, தாயாரிடம் தனியாக விளக்கினார். பிறகு பெற்றோர் எல்லோரையும் அழைத்துக்கொண்டு போய்ச் தாளம் தவறிய இதயத்தை மின்னதிர்ச்சி கொடுத்து மீட்க உதவும், சுவரில் மாட்டியிருந்த ஏஇடி கருவியைக் காட்டி, அதைத் திறக்கவும் வைத்தார். வகுப்பு நன்றாக அமையும் என்ற நம்பிக்கை எனக்கு அந்த இடத்தில்தான் பிறந்தது. கால்களுக்குக் கால்பந்துக் காப்புகளையும் தடித்த கால்சட்டையையும் அணிந்துகொள்ளலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று அவர் சொன்னதில் சில சிறுவர்களின் முகம் தெளிந்தது. என் மகனும் அவர்களில் ஒருவன்.

வகுப்பின் உண்மையான சிறப்பு எறியும் முறையில் இருக்கிறது. முதல் வாரம் ஸ்டிக் இல்லாமல், ஸ்டிக்கின் மேற்பகுதியைப் பிடிக்கும் கையை மட்டும் நீட்டி, ஐந்தடித் தொலைவிலிருந்து எறியப்பட்ட டென்னிஸ் பந்துகளை வெறுங்கையால் பிடித்தார்கள். இரண்டாம் வாரம் அதே டென்னிஸ் பந்து, ஆனால் கையில் ஸ்டிக். மூன்றாம் வாரம்தான் ரப்பர் பந்து வெளியே வந்தது. அதுவும் ஸ்டிக் இருக்கும் பக்கத்தில், காதளவு உயரத்தில், தடுப்பதற்கு மிக எளிதான இடத்துக்கு, அரை வேகத்தில். அதன் பிறகு மறுபக்க மேல்மூலை, இடுப்பு, கால், கடைசியாகத் தரையில் குத்தி எழும் பந்து என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. ஒவ்வொரு சுற்றுக்கு முன்பும் சிறுவன் ஒன்று முதல் ஐந்து வரை விரல்களை உயர்த்திக் காட்ட வேண்டும். அந்த விரல் எண்ணிக்கைதான் எறியின் வேகம். என் மகன் நான்காம் வாரம் வரை இரண்டு விரலுக்கு மேல் காட்டவில்லை, அதற்காக யாரும் அவனைச் சீண்டவுமில்லை. ஐந்தாம் வாரம் தானாகவே மூன்றாவது விரல் எழுந்தது. எட்டு வாரத்தில் அந்தப் பயிற்சியாளர் தம் முழு பலத்தோடு ஒரு பந்துகூட எறிந்து நான் பார்க்கவில்லை; எறிந்தால் எப்படி இருக்கும் என்பது அவர் தோளைப் பார்த்தாலே தெரியும்.

முகம் திருப்பும் பழக்கத்தைக் கண்டித்துத் திருத்தாமல், அதை அவனுக்கே காட்டித் திருத்தினார்கள். உதவியாளர் ஒருவர் கைப்பேசியில் மெதுவேகப் படம் எடுத்தார். அதை அவனோடு சேர்ந்து நானும் பார்த்தேன். எறிபவரின் ஸ்டிக் இன்னும் தலைக்குப் பின்னால்தான் இருக்கிறது, பந்து வலையை விட்டுக் கிளம்பவே இல்லை. அதற்குள் இவனுடைய இமைகள் இறங்கத் தொடங்கிவிட்டன. தாடை இடப்பக்கம் சாய்கிறது, அதை இழுத்துக்கொண்டு தோளும் சாய்கிறது, தோளோடு ஸ்டிக்கும் கோலை விட்டு விலகுகிறது. “பந்து எங்கே போனது?” என்று கேட்டார் உதவியாளர். “தெரியாது” என்றான். “உனக்குத் தெரியாததில் வியப்பில்லை, நீ அங்கே இல்லையே” என்று சிரித்தார் அவர். பிறகு அவனுக்குக் கொடுக்கப்பட்ட வேலை, பந்தைத் தடுப்பது கூட அல்ல; டென்னிஸ் பந்துகளில் மையால் எழுதப்பட்ட எண்ணைப் பந்து வரும்போதே படித்துச் சொல்வது. எண் சரியாக இருந்தால் கோல் விழுந்தாலும் அவனுக்கு ஒரு புள்ளி. மூன்று வாரத்தில் தாடை நேரானது.

என் பங்குக்கு நானும் ஒரு குழப்பத்தை உண்டாக்கினேன். தெருக் கிரிக்கெட்டில் விக்கெட் கீப்பராக நின்றவன் என்ற தகுதியில், பந்து வரும்போது கையைப் பின்னுக்கு இழுத்து வாங்கு என்று காரில் போகும்போது சொல்லிவைத்தேன். இங்கே கோல்கீப்பரின் கைகள் முதலில் பந்தை நோக்கி முன்னே போக வேண்டும். பந்து வரும் பக்கத்துக் கால் நேர்ப் பக்கவாட்டில் போகாமல், முன்னோக்கிச் சாய்வாக எட்டு வைக்க வேண்டும். மற்றக் கால் அதைத் தொடர வேண்டும். பந்து வலைப்பைக்குள் விழுந்த பிறகே, அது துள்ளி வெளியே போய்விடாதபடி மெல்லிய இழுப்பு. என் அறிவுரையைக் கேட்டவன் முன்னே போக வேண்டிய நேரத்தில் பின்வாங்கினான். பயிற்சியாளர் என்னிடம் கோபப்படவில்லை. அடுத்த வகுப்பில் என்னையே கையுறை அணிவித்து நிற்க வைத்து ஒரு விரல் வேகத்தில் நான்கு பந்து எறிந்தார். நான்கும் வலைக்குள் போயின. அன்று முதல் காரில் பாட்டு மட்டும்தான்.

கோணம் பற்றிய பாடம் மிக எளிமையாகவும் மிகத் தெளிவாகவும் இருந்தது. இரண்டு நீளக் கயிறுகளைக் கோலின் இரு கம்பங்களிலும் கட்டி, மறுமுனைகளை எறிபவரின் கையில் கொடுத்தார்கள். கயிறுகள் இரண்டும் சேர்ந்து ஒரு முக்கோணமாகத் தெரிந்தன. அந்த முக்கோணத்துக்குள்தான் பந்து வர முடியும். கோல்கோட்டின் மீது நின்றபோது இரு பக்கமும் கயிறுகள் எட்டாத் தொலைவில் இருந்தன. ஓர் எட்டு முன்னே வைத்ததும் அவை நெருங்கி வந்தன. எறிபவர் பக்கவாட்டில் நகர நகர, கோல்கீப்பரும் ஒரு கம்பத்திலிருந்து மறு கம்பம் வரை வில்போல் வளைந்த பாதையில் சிறு எட்டுகளாக நகர்ந்தால் எப்போதும் முக்கோணத்தின் நடுவில் இருக்கலாம். வெகுதூரம் முன்னே போனால் என்ன ஆகும் என்று ஒரு சிறுமி கேட்டாள். பயிற்சியாளர் பதில் சொல்லாமல் கோலுக்குப் பின்னால் நின்ற உதவியாளருக்குப் பந்தைத் தள்ளினார். அவர் சுற்றி வந்து காலியான வலைக்குள் பந்தை வைத்தார். கோலுக்குப் பின்னாலும் ஆட்டம் நடக்கும் விளையாட்டு இது. கால்பந்து பார்த்துப் பழகிய நமக்கு அது மனத்தில் ஏறச் சற்று நாளாகும்.

குரல் கொடுப்பதற்கு ஒரு வாரம் முழுவதும் ஒதுக்கியிருந்தார்கள். மைதானம் முழுவதையும் நேராகப் பார்க்கக்கூடியவர் கோல்கீப்பர் ஒருவரே என்பதால், பந்து எங்கே இருக்கிறது என்பதை அவர் ஓயாமல் உரக்கச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். கோலுக்குப் பின்னால் போனால் ‘எக்ஸ்’ என்று கத்த வேண்டும். பந்தைப் பிடித்ததும் ‘கிளியர்’ என்று அணியை ஓடவிட வேண்டும். வீட்டில் மெதுவாகப் பேசு என்று பத்து ஆண்டுகளாகச் சொல்லி வளர்த்த பிள்ளையை உரக்கக் கத்த வைப்பதற்குப் பணம் கட்டியிருக்கிறோம் என்று என் மனைவி சொன்னாள். அவன் முதலில் கத்தியது பக்கத்தில் நின்ற என் காதிலேயே விழவில்லை. வகுப்பு முடிவதற்குள் கூடத்தின் மறுகோடியில் கேட்டது, தொண்டையும் கட்டிக்கொண்டது.

கோல் விழுந்த பிறகு என்ன செய்வது என்பதையும் ஒரு பாடமாகவே நடத்தினார்கள். திரும்பு, பந்தை வலையிலிருந்து எடு, நடுவரிடம் தட்டிவிடு, ஒரு வாய் தண்ணீர், மீண்டும் கம்பத்தைத் தொட்டு இடத்துக்கு வா. அவ்வளவுதான். தலையைத் தொங்கப்போடும் நேரம் அந்த வரிசையில் இல்லை. பெற்றோருக்கும் இதே பாடம் தேவைப்பட்டது. கோலை நோக்கி வரும் பந்துகளில் பாதியைத் தடுத்தாலே நல்ல கோல்கீப்பர் என்று இந்த விளையாட்டில் கணக்கு. நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு வாங்கினால் மீதி இரண்டு எங்கே என்று கேட்கும் வழியில் வந்த நமக்கு ஐம்பதைப் பாராட்டக் கற்றுக்கொள்வது எளிதன்று. 2022ஆம் ஆண்டு ஒரு தோல்விகூட இன்றி ஆடிய மேரிலாந்து பல்கலைக்கழக அணி, தேசிய இறுதிப் போட்டியில் கார்னெல் அணியை 9–7 என்று வென்றது. அந்தத் தொடரின் மிகச் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்வானவர் மேரிலாந்தின் கோல்கீப்பர் லோகன் மெக்னேனி. ஏழு முறை வலையிலிருந்து பந்தை எடுத்துக் கொடுத்தவர் அவர் என்று பயிற்சியாளர் நினைவூட்டியபோது பெற்றோர் வரிசையில் சிறு சலசலப்பு எழுந்தது.

கருவியைப் பற்றி ஒரு வார்த்தை. கோல்கீப்பரின் ஸ்டிக் தலை மற்றவர்களுடையதைவிட மிகப் பெரியது, 12 அங்குலம் வரை அகலம் கொள்ளலாம். மொத்த நீளம் 40 அங்குலத்திலிருந்து 72 அங்குலம் வரை இருக்கலாம். கடையில் விற்பனையாளர் சொன்னதைக் கேட்டு நான் பெரியவர்களுக்குரிய நீளத்தில் வாங்கிவந்திருந்தேன். பையன் திரும்பும்போதெல்லாம் அடிமுனை அவன் விலாவிலோ வலையிலோ இடித்தது. வலைப்பையும் முறுக்கேறி, பந்து பட்டவுடன் பறையிலிருந்து தெறிப்பதுபோல் எறிபவரின் காலடிக்கே திரும்பிப் போயிற்று. இரண்டாம் வகுப்பின் முடிவில் பயிற்சியாளர் தரையில் உட்கார்ந்து, கீழ்க்கயிறுகளை அவிழ்த்து, பையை இரண்டு விரற்கடை ஆழமாக்கி, தண்டின் நுனியை அறுக்க வேண்டிய இடத்தில் நாடா ஒட்டிக் கொடுத்தார். களத்தில் ஓடும் ஆட்டக்காரர்களின் பை ஆழத்துக்கு விதி உண்டு, கோல்கீப்பருக்கு இல்லை என்ற செய்தியை அப்போதுதான் அறிந்தேன். இந்தச் சேவைக்குத் தனிக் கட்டணம் கேட்கவில்லை.

குறைகளுக்கு வருகிறேன். பதிவு செய்தபோது ஆறு பேர் என்றார்கள். மூன்றாம் வாரத்திலிருந்து ஒன்பது பேர் ஆனார்கள். இரண்டே கோல்கள் இருக்கும் கூடத்தில் அதன் பொருள், ஒவ்வொரு பிள்ளையும் வகுப்பில் பாதி நேரம் சுவரோரம் நின்றான் என்பதே. காத்திருப்பவர்களுக்குச் சுவரில் பந்தெறிந்து பிடிக்கும் வேலை கொடுத்தார்கள். அது வீட்டிலேயே செய்யக்கூடியது, அதற்கு மணிக் கணக்கில் பணம் வேண்டியதில்லை. எறிந்த மூவருமே வலக்கைக்காரர்கள். இடக்கைக்காரரின் பந்து கிளம்பும் இடமே வேறு என்பதால், மார்ச் மாத முதல் ஆட்டத்தில் எதிரணியின் இடக்கைச் சிறுவன் ஒருவன் தொடர்ந்து மூன்று கோல் போட்டபோது என் மகன் ஒவ்வொரு முறையும் ஓர் எட்டுத் தாமதமாகவே நகர்ந்தான். கூடத்தின் செயற்கைப் புல் மெல்லியது, பந்து ஒரே சீராக எழும். வெளியே ஈரப்புல்லில் அது வழுக்கிக்கொண்டு தாழ்வாக வருகிறது. இந்த வேறுபாட்டைப் பயிற்சியாளர் வாயால் சொன்னார், ஆனால் கண்ணும் காலும் வாய்ச்சொல்லால் பழகுவதில்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, பந்தைத் தடுத்த பிறகு செய்ய வேண்டியவற்றுக்குக் கடைசி வகுப்பின் இருபது நிமிடங்களை மட்டுமே ஒதுக்கியது. பந்தைப் பிடித்த கோல்கீப்பர் கிரீஸுக்குள் நான்கு நொடிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. அதற்குள் எறிய வேண்டும் அல்லது வெளியேற வேண்டும். பந்தோடு வெளியேறிவிட்டால் திரும்பி உள்ளே வரவும் இயலாது. எதிரணி ஆள் கோலை நோக்கி எறிந்த பந்து எல்லைக்கு வெளியே போனால், அது எல்லையைக் கடக்கும் நேரத்தில் அதற்கு மிக அருகில் இருப்பவரின் அணிக்கே பந்து கிடைக்கும். ஆகவே கோல்கீப்பர் பின்னெல்லைக்கு ஓடவும் தெரிந்திருக்க வேண்டும். இவற்றை நான்கு பேர் துரத்த, மூச்சு வாங்க வாங்கப் பழக வேண்டும். என் மகன் இந்தப் பருவத்தில் தடுத்த பந்துகளில் பலவற்றை அடுத்த மூன்று நொடிக்குள் எதிரணியிடமே எறிந்துகொடுத்தான். அவனைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

இவற்றை எழுதிப் பயிற்சியாளருக்கு அனுப்பினேன். எண்ணிக்கையைப் பற்றிய குறையை ஒப்புக்கொண்டு, இனி ஏழுக்கு மேல் சேர்ப்பதில்லை என்று பதில் எழுதினார்; இடக்கைக்காரர் ஒருவரைத் தேடிக்கொண்டிருப்பதாகவும் சொன்னார். தவறவிட்ட வகுப்புக்கு மாற்று வகுப்பு உண்டா என்ற கேள்விக்கு மட்டும் பதில் வரவில்லை. முதல்முறையாகக் கோலில் நிற்கும், எட்டு முதல் பதின்மூன்று வயது வரையான பிள்ளைகளுக்கு, அதிலும் ஏற்கெனவே ஒருமுறை பயந்துவிட்ட பிள்ளைகளுக்கு, இந்த வகுப்பைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். இரண்டு மூன்று பருவம் ஆடி, அடுத்த நிலைக்குச் செல்ல முயல்பவர்களுக்கு இது போதாது. அடுத்த தொடர் செப்டம்பரில், இம்முறை வெளி மைதானத்தில். மகனுடைய பெயரைப் பதிந்துவிட்டேன். கட்டணம் 20 டாலர் ஏறியிருக்கிறது. பதிவுப் படிவத்தில் தொடக்க வேகம் எத்தனை விரல் என்று ஒரு கட்டம் புதிதாகச் சேர்த்திருக்கிறார்கள். அவன் நான்கு என்று எழுதி, சற்று யோசித்து, அடித்துவிட்டு மூன்று என்று எழுதியிருக்கிறான்.